மணி அடித்தால் படிப்பு வருமா?

பூனாவோ டெல்லியோ பரோடாவோ, நம் குடும்பங்கள் நாலு ஒன்று கூடினால், பிப்ரவரி தாண்டியதும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது? கட்-ஆஃப், ஃபீஸ், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்ட பிறகு, யாராவது ஒரு அப்பா குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்பார். "அதெல்லாம் சரி சார், ஹாஸ்டல் ஸ்ட்ரிக்ட்டா?"

கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பதினேழு வயசுப் பிள்ளையை ஊரில் விடுகிறோம். ராத்திரி எட்டு மணிக்கு எங்கே இருக்கிறான் என்று எட்டிப் பார்க்க முடியாது. அவசரம் என்றால்கூட தட்காலில் டிக்கெட் கிடைத்தால்தான் உண்டு. நம்மால் முடியாததை வார்டன் செய்யட்டும் என்று நினைக்கிறோம். ஆறரைக்கு கேட் பூட்டு, மொபைலைப் பிடுங்கி வைப்பார்கள், வகுப்புக்குப் போகாவிட்டால் அடுத்த நிமிஷம் அப்பாவுக்கு மெசேஜ் வரும் என்று யாராவது சொன்னால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

என் கட்சி வேறு. கண்டிப்பு என்று நாம் தேடிப் போகும் இந்தச் சரக்கை அமெரிக்கக் கல்லூரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழுசாகப் பரிசோதித்துப் பார்த்துவிட்டன. ஏதோ பேர் தெரியாத கல்லூரிகள் இல்லை, இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஹார்வர்டும் யேலும்தான். பழைய காலேஜ் நினைவுக் குறிப்புகளையும் கடிதங்களையும் தேடிப் படிக்கும் கிறுக்கு எனக்குக் கொஞ்சம் உண்டு. படிக்கப் படிக்க, ஹாஸ்டல் வாசலில் நாம் கேட்கவேண்டிய கேள்வியே வேறு என்று தோன்றுகிறது.

முதலில் அந்தக் காலத்து மாணவனின் ஒரு நாள் எப்படிப் போனது என்று பார்த்துவிடலாம்.

1820, 30களின் யேல் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஐந்து மணி, குளிர்காலத்தில் ஆறு மணி வாக்கில் மணி அடிக்கும். வெளியே பனி கொட்டினாலும் எழுந்து தேவாலயத்துக்கு ஓட வேண்டும். உள்ளே கணப்பு கிடையாது. யார் வரவில்லை என்று குறிக்க ஆள் இருக்கும். பிரார்த்தனை முடிந்ததும் சாப்பாடா என்றால் அதுவும் இல்லை. முதல் வகுப்பு. அதற்கப்புறம்தான் காலை உணவு. பல் தேய்த்த கையோடு காபி டம்ளரைத் தேடும் நம்மால் இரண்டு நாள் தாங்க முடியாது.

வகுப்பு என்றால் ஆசிரியர் நின்று பாடம் நடத்துவார் என்று நினைக்கக்கூடாது. அதன் பெயரே ஒப்பித்தல். ட்யூட்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அதே கல்லூரியில் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்த இளைஞர். பெயரைக் கூப்பிடுவார். பையன் எழுந்து நின்று ஹோமரில் பத்து வரியையோ லிவியில் ஒரு பத்தியையோ ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யூக்ளிடில் ஒரு தேற்றம். சொன்னது சரியா தப்பா என்றுகூட வாய் திறக்காமல் ட்யூட்டர் ஒரு நோட்டில் மார்க் போட்டுக்கொள்வார். அடுத்த பெயர். இப்படி நாளைக்கு மூன்று தடவை. சாயங்காலம் மறுபடி பிரார்த்தனை. ராத்திரி அதே ட்யூட்டர் அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் காவல்.

ஹார்வர்டில் ஜோசையா குவின்ஸி என்று ஒரு தலைவர் 1829இல் வந்தார். அவர் இதை இன்னும் 'சயின்டிஃபிக்' ஆக்கினார். நன்றாக ஒப்பித்தால் எட்டு மார்க். பிரார்த்தனைக்கு வராவிட்டால் அந்தக் கணக்கிலேயே கழிவு. படிப்பும் நடத்தையும் ஒரே பேரேட்டில் ஏறி, கடைசியில் ராங்க்கைத் தீர்மானிக்கும். பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸை இன்டர்னல் மார்க்கோடு கோத்துவிடும் நம்ம ஊர் நிர்வாகங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால் படம் மாட்டியிருப்பார்கள் :-)

யேல் என்றதும் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். அந்தப் பெயரே சென்னைக் காசில் வந்ததுதான். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், மதராஸில் சேர்த்த சொத்தோடு லண்டன் போனார். 1718இல் இந்தக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. நன்றிக்குக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். புலம் பெயர்ந்து சம்பாதித்தவன் காசு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இத்தனை கண்டிப்பு ஏன்? நாம் சொல்லும் அதே காரணம்தான். பையன்கள் சின்னப் பிள்ளைகள். ஹார்வர்டில் ஆண்ட்ரூ பீபாடி என்பவர் 1826இல் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயசு பதினைந்து. தோரோ பதினாறு வயசில் அங்கே சேர்ந்தார். தெற்கு மாகாணங்களிலிருந்து யேலுக்கு வந்த பையன்கள் கப்பலிலும் குதிரை வண்டியிலும் நாள்கணக்கில் பயணம் செய்து வந்தவர்கள். அப்பா அம்மா கண்ணில் படமாட்டார்கள். அதனால் கல்லூரியே பெற்றோராக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யேல் பேராசிரியர்கள் 1828இல் ஒரு அறிக்கையாகவே எழுதி வெளியிட்டார்கள். மனசுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முக்கியம், அதற்கு கிரேக்கமும் லத்தீனும் கணிதமும்தான் சரியான சாணைக்கல் என்பது அவர்கள் வாதம். அந்த அறிக்கை ரொம்ப காலத்துக்கு மற்ற கல்லூரிகளுக்கும் வழிகாட்டியாக இருந்தது.

எண்ணம் நல்ல எண்ணம். விளைவுதான் வேறு மாதிரி.

மேலே சொன்ன பீபாடி பின்னாளில் ஹார்வர்டிலேயே பேராசிரியராகி, வயதான காலத்தில், 1888இல், தன் நினைவுகளை வெளியிட்டார். ஆசிரியர்களும் மாணவர்களும் பிறவி எதிரிகள் மாதிரி இருந்த காலம் அது என்கிறார். ஒரு மாணவன் சந்தேகம் கேட்க ஆசிரியர் அறைக்குப் போனால் மற்றவர்கள் அவனை 'மீன் பிடிக்கிறான்' என்று கேலி செய்வார்களாம். நாம் காக்கா பிடிக்கிறான் என்கிறோம், அவர்கள் ஊரில் மீன். ஊர் அடங்கிய பிறகு யார் கண்ணிலும் படாமல்தான் போக முடியும்.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அறைகளில் பழைய பீரங்கிக் குண்டு ஒன்று வைத்திருப்பார்கள். குளிர் நாளில் அதைக் கணப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி வெளியே எடுத்து வைத்தால் அறை கொஞ்சம் சூடாகும். மற்ற நாளில் அதற்கு வேறு உபயோகம். நடுராத்திரி, மேற்பார்வையாளர் நன்றாகத் தூங்கும் நேரமாகப் பார்த்து மாடிப்படியில் உருட்டி விடுவது. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் காலை உணவு போதாது என்பதால், முந்தின நாள் மத்தியானக் கறித்துண்டு ஒன்றை முட்கரண்டியால் மேஜைக்கு அடியில் குத்தி ஒளித்து வைத்து, மறுநாள் காலையில் எடுத்துச் சாப்பிடுவார்களாம். மெஸ்ஸில் தயிரை ஒளித்து வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவை சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாதவையும் நடந்தன. 1823இல் ஹார்வர்டில், சக மாணவனைக் காட்டிக்கொடுத்ததாக ஒருவன் மேல் எழுந்த கோபத்தில் தகராறு தொடங்கி, பட்டம் வாங்கச் சில வாரங்களே இருந்த கடைசி வருஷ வகுப்பில் 70 பேரில் 43 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் ஒரு பையனின் அப்பா ஜான் குவின்ஸி ஆடம்ஸ். அப்போது நாட்டின் வெளியுறவுச் செயலர், இரண்டு வருஷத்தில் ஜனாதிபதி ஆகப்போகிறவர். அவர் கேட்டும் கல்லூரி இறங்கி வரவில்லை. 1828இல் யேலில் சாப்பாடு சரியில்லை என்று கலகம். அதற்கு ரொட்டி-வெண்ணெய்க் கலகம் என்றே பெயர். 1830இல் அங்கேயே கணக்குப் பாடத்துக்காக ஒரு கலகம். 1834இல் ஹார்வர்டில் ட்யூட்டரின் அறையை அடித்து நொறுக்கினார்கள். குவின்ஸி கோர்ட்டுக்கே போனார். இரண்டாம் வருஷ வகுப்பு கிட்டத்தட்ட முழுசாக வெளியே அனுப்பப்பட்டது.

அந்தக் கணக்குப் பாடக் கலகத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூம்பு வளைவுகள் என்று ஒரு பாடம். பரவளையம், நீள்வட்டம் எல்லாம் வருமே, அதுதான். அதுவரை புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே தேற்றத்தைச் சொல்லலாம். அந்த வருஷம் கரும்பலகையில் படத்தை நீயே வரைந்து சொல் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் கல்லூரி கேட்டதுதான் நியாயம். வரைந்து பார்த்தால்தானே கணக்கு மண்டையில் ஏறும்? ஆனால் மாணவர்கள் மறுத்தார்கள். 96 பேர் வகுப்பில் 43 பேர் வெளியேற்றப்பட்டார்கள். (இங்கேயும் 43. தற்செயல்தான்.) இவர்களை நீங்களும் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று மற்ற கல்லூரிகளுக்கும் தகவல் போயிற்று.

எனக்கு இதில் உறுத்துவது எந்தப் பக்கம் நியாயம் என்பதில்லை. நல்லதைச் சொன்னால்கூட காதில் ஏறாத அளவுக்கு இரண்டு பக்கமும் பகை முற்றியிருந்தது. எந்நேரமும் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவன் திடீரென்று ஒரு நாள் "உன் நல்லதுக்குத்தான்" என்றால் யார் நம்புவார்கள்?

ஒப்பித்தலுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். லத்தீன், கிரேக்கப் பாடங்களுக்கு வரிக்கு வரி மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் கள்ளத்தனமாகப் புழங்கின. மட்டக்குதிரை என்று செல்லப் பெயர். தான் நடக்காமல் அதன் முதுகில் ஏறிப் போய்விடலாம் அல்லவா! நம்ம கோனார் நோட்ஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யேலில் இரண்டாம் வருஷ மாணவர்கள் யூக்ளிட் முடிந்ததும் புத்தகத்துக்குப் பாடை கட்டி, தீப்பந்தம் பிடித்து, ஒப்பாரி வைத்துக் காரியம் செய்வதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். மனசுக்குப் பயிற்சி கொடுக்கும் சாணைக்கல்லுக்கு மாணவர்கள் கொடுத்த மரியாதை அது.

அப்படியானால் அந்தக் கல்லூரிகளிலிருந்து அத்தனை எழுத்தாளர்களும் வக்கீல்களும் அரசியல்வாதிகளும் எப்படி வந்தார்கள்? நியாயமான கேள்வி. என் வாதத்தின் மையமே இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

கல்லூரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்குள்ளேயே மாணவர்கள் தங்களுக்கென்று இன்னொரு கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார்கள். யேலில் லினோனியா (1753), பிரதர்ஸ் இன் யூனிட்டி (1768) என்று இரண்டு இலக்கியச் சங்கங்கள். வாராவாரம் கூட்டம், பட்டிமன்றம், கட்டுரை வாசிப்பு. வகுப்பில் பேசவே முடியாத விஷயங்கள் அங்கேதான் மேடை ஏறின. அடிமை முறை சரியா, மரண தண்டனை வேண்டுமா என்று கிழித்துத் தோரணம் கட்டினார்கள். தலைவர், செயலர், பொருளாளர் எல்லாம் பையன்களே. அபராதம் போட்டுக்கொண்டதும் அவர்களே.

பெரிய ஆச்சரியம் நூலகம். கல்லூரி நூலகம் சில மணி நேரம்தான் திறக்கும், இருப்பதும் பெரும்பாலும் இறையியலும் பழம் நூல்களும். மாணவர்கள் சந்தா போட்டுத் தங்கள் சங்கத்துக்கென்று நூலகம் கட்டினார்கள். நாவல், சரித்திரம், பயணக் கதை, அன்றைய பத்திரிகைகள் என்று படிக்க ஆசைப்பட்டதை வாங்கினார்கள். நூற்றாண்டின் நடுவில் இந்தச் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் புத்தகம் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. 1870களில் சங்கங்கள் மங்கியபோது அந்தப் புத்தகங்களைக் கல்லூரியே எடுத்துக்கொண்டது. யேலின் பெரிய நூலகத்தில் இரண்டு சங்கங்களின் பெயரையும் தாங்கி ஒரு வாசிப்பறை இன்றும் இருக்கிறது. ஒப்பித்தல் அறைக்கு அப்படி ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

1836இல் யேல் மாணவர்கள் ஒரு இலக்கியப் பத்திரிகை தொடங்கினார்கள். 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டிதான் அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. ஹார்வர்டில் 1795இலேயே ஒரு சங்கம் இருந்தது. கூட்டத்துக்கு முறை வைத்து ஆளுக்கொருவராக இரும்புப் பானையில் மக்காச்சோளக் கூழ் கொண்டு வர வேண்டும், அதனால் அந்தக் கூழின் பெயரையே சங்கத்துக்கும் வைத்துவிட்டார்கள். ஆடிக் கூழ் மாதிரி, ஊற்றிக் குடித்துவிட்டு விவாதம் செய்திருக்கிறார்கள்!

பையன்கள் கையில் விட்டால் எல்லாம் தங்கமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்வர்டில் புதுசாகச் சேர்ந்தவர்களை மூத்தவர்கள் கால்பந்து என்ற பெயரில் ஆண்டுதோறும் போட்டு உதைப்பார்கள். அதற்கு 'ரத்தத் திங்கள்' என்று பெயர். 1860இல்தான் தடை வந்தது. ராகிங்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் நாட்டில் இதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரார்த்தனைக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனைப் பிடிக்க நோட்டுப் போட்டு ஆள் வைத்திருந்த அதே கல்லூரியில்தான் இந்த அடிதடியும் வருஷக் கணக்கில் நடந்தது. கேட்டைப் பூட்டுவது வேறு, பலவீனமானவனைக் காப்பாற்றுவது வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

"அப்போ எல்லாத்தையும் அவிழ்த்து விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். அதையும் ஒருவர் செய்து பார்த்தார். சாதாரண ஆள் இல்லை, தாமஸ் ஜெஃபர்சன்.

அவர் கனவு கண்டு கட்டிய வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1825 மார்ச்சில் திறந்தது. மாணவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்வார்கள், ஒழுங்கு நடவடிக்கையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் திட்டம். ஏழே மாசம். அக்டோபரில் முகமூடி போட்ட மாணவர்கள் பேராசிரியர்களைத் தாக்கினார்கள். யார் செய்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 82 வயசு ஜெஃபர்சன் மாணவர்கள் முன்னால் பேச எழுந்தார், துக்கத்தில் குரல் எழும்பவில்லை, உட்கார்ந்துவிட்டார். வெளியேற்றப்பட்டவர்களில் அவருடைய உறவுக்காரப் பையனும் ஒருவன். அடுத்து என்ன நடந்திருக்கும்? விடியலில் எழ வேண்டும், சீருடை போட வேண்டும், கையில் காசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் மேல் சட்டம். அதற்கும் பையன்கள் அடங்கவில்லை. 1840இல் முகமூடி போட்ட ஒரு மாணவன் சுட்டதில் ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியர் இறந்தே போனார்.

ஒரு பேராசிரியர் கொலையான பிறகு நிர்வாகம் இன்னும் நாலு பூட்டு போடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அங்கே 1842இல் வேறொன்று நடந்தது. ஹென்றி டக்கர் என்ற பேராசிரியர் முன்மொழிந்தார்: தேர்வுத் தாளோடு "யாரிடமும் உதவி பெறவில்லை" என்று மாணவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், நாம் அதை நம்புவோம். அந்தக் கௌரவ முறை மெல்ல மெல்ல மாணவர்களே நடத்தும் ஏற்பாடாக வளர்ந்தது, இன்றும் அங்கே நடக்கிறது. 1825இல் கொடுத்தது வெறும் சுதந்திரம். 1842இல் அதோடு, ஒவ்வொருவனும் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கும் ஏற்பாடும் வந்தது.

ஆனால் இதை ரொம்பப் புகழவும் எனக்கு மனசு வரவில்லை. கௌரவம் பேசிய அந்தப் பையன்களின் அறையைப் பெருக்கி, தண்ணீரும் விறகும் சுமந்து, சோறு பொங்கிப் போட்டவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர்களுடைய சந்ததிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு 1950இல்தான் திறந்தது. தன் எச்சில் தட்டைக்கூடத் தான் கழுவாதவனின் பொறுப்புணர்ச்சிக்கு ஒரு எல்லை உண்டு.

அதனால்தான் எனக்கு மனசில் நிற்பது பெண்களின் கல்லூரிகள். மேரி லயன் என்ற ஆசிரியை ஊர் ஊராகப் போய், பெண்களிடம் சில்லறை சில்லறையாகக்கூட நன்கொடை வாங்கி, 1837இல் மாசசூசெட்ஸில் மவுண்ட் ஹோல்யோக் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் அது கல்லூரியானது. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60 டாலர். விவசாயக் குடும்பத்துப் பெண்ணும் வர வேண்டும் என்பதற்காகக் குறைத்து வைத்த தொகை. எப்படி முடிந்தது? வேலைக்காரர்களை வைக்கவில்லை. சமையல், பாத்திரம், துணி, பெருக்கல் எல்லாவற்றையும் மாணவிகளே முறை போட்டுச் செய்தார்கள்.

1847இல் அங்கே சேர்ந்த ஒரு பதினாறு வயசுப் பெண் தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில் முழு டைம்டேபிளையும் கொடுத்திருக்கிறாள். ஆறு மணிக்கு எழ வேண்டும், ஏழுக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் பிரார்த்தனை, பத்தேகாலுக்குப் பழங்கால வரலாறு, பன்னிரண்டுக்கு உடற்பயிற்சி, மத்தியானம் பாட்டு, பிறகு பியானோ. சாயங்காலம் அன்றைக்குத் தான் மீறிய விதிகளைத் தானே சொல்ல வேண்டும். ராத்திரி எட்டே முக்காலுக்குப் படுக்கை மணி. அவளுக்கு ஒதுக்கிய வீட்டு வேலை கத்தி. காலையிலும் மத்தியானத்திலும் ஒரு வரிசை மேஜைகளிலிருந்து கத்திகளை எடுத்துப் போக வேண்டும், ராத்திரி கழுவித் துடைக்க வேண்டும். பக்கத்து ஊரில் கல்லூரியில் படித்த அண்ணனுக்கு எழுதும்போது, இன்று மத்தியானம் கன்றுக்கறி, உருளைக்கிழங்கு, பூசணி, ஆப்பிள் உருண்டை என்று மெனுவையே எழுதி அனுப்பியிருக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து போன் வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் எந்த நூற்றாண்டிலும் தயாராகத்தான் இருந்திருக்கிறது!

அந்தப் பெண் எமிலி டிக்கின்ஸன். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய கவிகளில் ஒருவர்.

டைம்டேபிளைப் பார்த்தால் யேலுக்குக் கொஞ்சமும் குறையாத கண்டிப்பு. சமயத்தை வைத்து மனசை நெருக்குவதும் அங்கே இருந்தது. எமிலிக்கு அது ஒத்துவரவில்லை, ஒரு வருஷத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே ஒரு மாணவி வரவில்லை என்றால் மார்க் மட்டும் குறையாது, முந்நூறு பேர் சாப்பாட்டு மேஜையில் கத்தி இருக்காது. மணிக்கு ஓடுவதற்கு ஒரு அர்த்தம் இருந்தது.

ஒஹையோவில் இருந்த ஓபர்லின் கல்லூரி 1835இல் கறுப்பின மாணவர்களையும், 1837இல் பட்டப் படிப்பில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய புரட்சி. ஆனால் விவாத வகுப்பில் பெண்கள் உட்கார்ந்து கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. லூசி ஸ்டோன் என்ற மாணவி மணிக்கு மூன்று சென்ட் கூலிக்கு விடுதியில் பாத்திரம் துடைத்துக்கொண்டே கிரேக்கம் படித்தவர். அவரும் தோழிகளும் ஊர் ஓரத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் ரகசியமாகக் கூடி, தங்களுக்குள் விவாதம் செய்து பேசப் பழகினார்கள். 1847இல் பட்டமளிப்புக்குக் கட்டுரை எழுதச் சொன்னபோது, தன் கட்டுரையை ஒரு ஆண்தான் மேடையில் வாசிப்பார் என்பதால் எழுத மறுத்துவிட்டார். பின்னாளில் பெண்ணுரிமைக்காக நாடெல்லாம் போய்ப் பேசினார். 1883இல் கல்லூரியின் பொன்விழாவில் பேச அவரையே அழைத்தார்கள். அந்தப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தது எந்த வகுப்பு?

ஹார்வர்டும் ஒரு கட்டத்தில் புரிந்துகொண்டது. 1869இல் தலைவராக வந்த சார்லஸ் எலியட் நாற்பது வருஷம் இருந்தார். எந்தப் பாடம் படிப்பது என்பதை மாணவனே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். 1886இல் கட்டாயப் பிரார்த்தனையும் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. நாம் இன்று ஹார்வர்ட் என்று வாயைப் பிளப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு வளர்ந்த ஹார்வர்டைப் பார்த்துத்தான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் பெண் ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தாள். பெயர் வேண்டாம். நூலகம் ராத்திரி பத்து வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதி கேட் ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்களுக்கு ஒன்பதரை. ஆக அந்த நூலகத்தின் ராத்திரி நேரம் யாருக்கு? நாலு வருஷமும் அவள் அப்பா நிம்மதியாகத் தூங்கினார், அது உண்மை. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, வாடகை வீடு தேடுவதிலிருந்து பேங்க்கில் ஒரு ஃபாரம் நிரப்புவது வரை அந்தப் பெண்ணுக்குப் பயம். ஆறரை மணி கேட் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது பயம் ஒன்றைத்தான்.

காலம் கெட்டுக் கிடக்கிறது, மொபைல் இருக்கிறது, போதை இருக்கிறது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். விளக்கு உள்ள பாதை, ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற டாக்டர், ராகிங் புகார் கொடுத்தால் பயப்படாமல் நடவடிக்கை எடுக்கும் நிர்வாகம், இதெல்லாம் பாதுகாப்பு. அப்பாவுக்கு மெசேஜ் அனுப்புவது பாதுகாப்பு இல்லை. அது நமக்கு விற்கப்படும் நிம்மதி. அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கட்டுகிறோம்.

ஆகவே அடுத்த முறை கல்லூரி பார்க்கப் போகும்போது, ஸ்ட்ரிக்ட்டா என்று கேட்பதை விட்டுவிட்டு இவற்றைக் கேட்டுப் பாருங்கள். நூலகம் எத்தனை மணி வரை, பெண்களுக்கும் அதே நேரம்தானா? மெஸ் கணக்கை மாணவர்கள் பார்க்கிறார்களா? மாணவர்களே நடத்தும் மன்றம், பத்திரிகை ஏதாவது உயிரோடு இருக்கிறதா, இல்லை நோட்டீஸ் போர்டில் மட்டும்தானா? பாடத்தில் சந்தேகம் என்றால் ஆசிரியர் அறைக்குப் போய்ப் பேசுவார்களா? அந்தக் கடைசிக் கேள்வியைப் பிரின்ஸிபாலிடம் கேட்காதீர்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் வருஷப் பையனிடம் கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரியும்.

வீட்டிலும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. பிளஸ் டூ என்று சொல்லி, குடித்த டம்ளரைக்கூடக் கழுவ விடாமல் வளர்த்துவிட்டு, பதினெட்டு வயசில் பொறுப்பில்லை என்று வார்டனிடம் ஒப்படைக்கிறோம். இந்த லீவிலேயே தொடங்கலாம். ஊருக்குப் போகும் டிக்கெட்டை அவனே புக் செய்யட்டும். ஒரு மாச மளிகைக் கணக்கை அவளே எழுதட்டும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் யார் முறை என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அதில் அப்பா பெயரும் இருக்கட்டும்.